கடன் தராத கடைத்தெரு

“காசை எடுத்துக்கினு போ. உனக்கு எவனும் கடன் குடுக்க மாட்டான்,” என்று பவளம் சிரித்தாள். புருஷன் சடையப்பனிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அவர் வெல்லம் வாங்கித் திரும்புவதற்குள் மாரடைப்பு அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவள் சொன்னது நிஜம். ஆறு வருஷமாக உத்திரமேரூர் கடைத்தெருவில் அவருக்கு மட்டும் கடன் கிடையாது. தன் நாணயத்தை ஊரே நம்பவில்லை என்பது அவருக்குத் தீராத குறை. மளிகைக்கடை கன்னியப்பனோடு அவர் போடாத சண்டையில்லை. பழைய கடனை அடைத்து, எருமை வாங்கியதெல்லாம் அந்த ரோஷத்தில்தான்.

காரியத்துக்குச் சாமான் வாங்கப் போனபோது, கன்னியப்பன் மூட்டையே கட்டி வைத்திருந்தான்.

“எடுத்துக்கினு போண்ணே. காசு மெதுவா குடு.”

“இன்னாடா, இன்னிக்குத்தான் நான் யோக்கியனா தெரியறனா?”

“நீ எப்பவும் யோக்கியன்தாண்ணே. ‘எங்க வூட்டுக்காரருக்குக் கடன் குடுத்தா கடையைக் கொளுத்திடுவேன்’னு அண்ணிதான் கடை கடையா வந்து மெரட்டிட்டுப் போச்சு. இனிமே யாரு கேக்கப்போறா?”

சடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மடியை அவிழ்த்துப் பணத்தை எடுத்து வைத்தார்.

“அவ பேச்சை மீறாதடா. செஞ்சாலும் செய்வா!”

இது நடந்தது எழுபத்தெட்டில். இன்றைக்கும் உத்திரமேரூரில் எந்தக் கடன் நோட்டிலும் சடையப்பன் பெயர் கிடையாது.