ஓடாத வண்டிக்கு பிரேக்

ஒஹாயோவின் மார்ச் வெயில் கொட்டகைக்குள் சாய்ந்து விழுகிறது. போன வாரம் வாங்கி இழுத்துவந்த பழைய பிக்கப் வண்டியின் கதவடியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கிறான் எல்டன். துரு செந்தூளாக உதிர்ந்து மணிக்கட்டில் படிகிறது. இறந்துபோன மனைவி மேவிஸின் அண்ணன் டர்க், கையில் காபியோடு வந்து கதவைச் சுண்டிப் பார்க்கிறான். "என்ன மாப்ள, தகரத்தவிட துருதான் அதிகம் போலிருக்கு. பக்கத்துல நின்னு தும்மிடாத, கொட்டிரும்." எல்டன் சிரிக்கவில்லை. டர்க் குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கிறான். எங்கும் ஓட்டை; நடுவே புத்தம்புது பிரேக் குழாய் மட்டும் மின்னுகிறது. "இன்ஜினே செத்துக் கெடக்கு. ஓடாத வண்டிக்கு எதுக்குய்யா மொதல்ல பிரேக்கு?" கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. சாலையில் பனிக்காகத் தூவும் உப்பு தன் கார் அடியை அரிக்கிறது என்று போன குளிர்காலத்தில் மேவிஸ் சொல்லிக்கொண்டே இருந்தாள். "பனி உருகட்டும், பாக்கறேன்" என்றான் எல்டன். அதற்குள் ஒரு சரிவில் அவள் ஓட்டிப்போன காரின் துருப்பிடித்த பிரேக் குழாய் வெடித்துவிட்டது. டர்க்கின் காபி ஆறுகிறது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டத் தொடங்குகிறது. அந்தச் சத்தம் காதில் விழாமலிருக்க எல்டன் இன்னும் அழுத்தித் தேய்க்கிறான்.