கதவிடுக்கு

ஜவ்வாது மலையில் ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருக்கிறது. சாமை மூட்டைகளுக்குப் பின்னால், போன வாரம் சாணம் பூசி மறைத்த மண்சுவரில் பூஞ்சணம் மறுபடி கரும்பச்சையாகப் படர்ந்திருக்கிறது. ஐந்து வருஷமாக மூச்சிழுப்போடு அல்லாடும் செல்லியம்மாள், அந்தச் சுவரோரப் பாயிலிருந்து தவழ்ந்து வந்து, சாத்திய கதவின் இடுக்கில் மூக்கை வைக்கிறாள். ஈர இலை வாசனையோடு காற்று உள்ளே வருகிறது. நெஞ்சுக்குள் கேட்கும் விசில் மெல்ல அடங்குகிறது. வெளியே அவள் புருஷன் தீர்த்தகிரி மண்வெட்டியோடு கொல்லைக்காட்டுக்குக் கிளம்புகிறான்.

"கதவத் தொறக்காத புள்ள. குளுந்த காத்து பட்டா இழுப்பு ஏறிக்கும்."

"இந்தச் சந்துலதாங்க மூச்சே வருது" என்கிறாள். சொன்னதை இருமல் விழுங்கிவிடுகிறது. இருமல் மட்டுமே அவனுக்குக் கேட்கிறது. தோள்துண்டை உருவி, அந்த இடுக்கை ஒரு நூல் வெளிச்சமும் நுழையாதபடி பதமாக அடைத்துவிட்டு நடக்கிறான்.