ஓட்டையில்லாத ரௌட்டர்

"மூணாவது டிசைனும் வெளிய போச்சுன்னா, நீயும் வெளிய போயிடு சம்பத்."

முதலாளி இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சம்பத் டிசைனர். பாதி வேலை வீட்டில்தான். கம்ப்யூட்டரில் வரைந்ததை ஃபைபர் லைன் வழியாகக் கம்பெனிக்கு அனுப்புவார். அவர் போட்ட இரண்டு டிசைன்கள், கம்பெனி மார்க்கெட்டுக்கு விடும் முன்பே சென்னை பெரியமேட்டில் வேறு யார் பெயரிலோ விற்பனைக்குத் தொங்கின. தையலுக்குத் தையல் அதே ஷூ!

கம்பெனியைச் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. எல்லார் பையையும் கொட்டிப் பார்த்தார்கள். செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்தார்கள். மிச்சம் இருந்தது சம்பத் வீட்டு வைஃபைதான்.

சம்பத்தின் மூளையைவிட அவர் காலுக்குத்தான் கம்பெனியில் மரியாதை ஜாஸ்தி. ஆண்கள் ஷூவுக்கு மாதிரி தைப்பது நாற்பத்திரண்டாம் சைஸில். அவர் கால் அச்சில் வார்த்த நாற்பத்திரண்டு. புது மாதிரியை வீடு வரைக்கும் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது என்று சொல்வதும் அவர் வேலைதான். மூன்றாவது டிசைனான லோஃபர் இன்னும் தைத்து வரவில்லை. அதற்குள்ளேயே கவலை கடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு கோபி வேறொரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். போட்டிக் கம்பெனிக்காரனிடம் போய் யோசனை கேட்பதா என்று மனசு இடித்தது. ஆனால் அந்தத் தெருவில் விவரம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"வாங்க சார், வாங்க வாங்க" என்று கோபி வரவேற்றான்.

அவன் மனைவி அம்பிகா காபி கொடுத்தாள். "விளக்கு வைக்கிற நேரம். வாசல் பெருக்கிட்டு வந்துடறேன்ணா" என்று துடைப்பத்தோடு போனவள், போன வேகத்தில் திரும்பிவிட்டாள்.

"புது ரௌட்டர் வாங்குறப்போ பெட்டி மேல வி.பி.என்.னு எழுதியிருந்தா மட்டும் போதாது சார்" என்றான் கோபி. "அது சுரங்கப்பாதை மாதிரி. உங்க வீட்ல நுழைஞ்சா கம்பெனியிலதான் வெளிய வரும். நடுவுல எவனும் எட்டிப் பாக்க முடியாது. ஆனா ஒவ்வொண்ணையும் பூட்டிப் பூட்டி அனுப்பணும்ல? ரௌட்டர்ல புராசஸர் வீக்கா இருந்தா உங்க ஃபைபர் லைன் மாட்டு வண்டியாயிடும்."

"ஆன்டெனா ஜாஸ்தி இருந்தா?"

"பாக்க நல்லாருக்கும். அவ்ளோதான்."

மறுநாள் இருவரும் முஸம்மிலின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். முஸம்மில் எட்டுக் கொம்பு வைத்த ஒன்றைத் தூக்கிக் காட்டினார். கோபி அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பித் திருப்பிப் படித்தான். வி.பி.என். போட்டால் வேகம் எவ்வளவு கம்மியாகும், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்று குடைந்தான்.

"இன்னா சார், வீட்ல பேங்க் எதுனா நடத்துறீங்களா?" என்று முஸம்மில் சலித்துக்கொண்டார்.

கடைசியில் கொம்பே இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி வீட்டுக்கு வந்தது. கோபியே வந்து மாட்டி, சுரங்கப்பாதையும் போட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. அதுவே சம்பத்துக்கு லேசாக உறுத்தியது.

"இன்னாங்க பாஸ்வேர்டு இது? சீரியல் பாக்கறதுக்குப் பரீட்சை எழுத வேண்டியிருக்கு. ஒரே பேஜாரா போச்சு" என்றாள் அவர் மனைவி பூர்ணிமா.

லோஃபர் தைத்து வந்தது. சம்பத் போட்டு நடந்து பார்த்தார். கடிக்கவே இல்லை. அந்த நிம்மதியில் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டே கடைவீதி வரை போய்விட்டு வந்தவர், வாசல்படியில் நின்றபடியே செல்போனில் ரௌட்டர் பக்கத்தைத் திறந்தார். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பட்டியல் வந்தது. அவர் போன். பூர்ணிமா போன். டி.வி.

நான்காவதாக, 'கோபி'.

வேலியே பயிரை மேய்கிறது! சம்பத்துக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. அப்படியே அடுத்த வீட்டுக்குப் பாய்ந்தார். காலில் கிடந்ததை வாசலில் கழற்றி உதறிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"இன்னாப்பா, உன் போன் என் வைஃபைல இன்னா பண்ணுது? என் வேலை போகப் போகுதுடா! ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க!"

கோபி பதறவில்லை. "உக்காருங்க சார். அன்னிக்கு டெஸ்ட் பண்றதுக்காகச் சேர்த்தது. எடுக்க மறந்துட்டேன். பக்கத்து வீடுதானே, தானா ஒட்டிக்குது. அதுல இருந்து ஏதாச்சும் போயிருக்கான்னு ரௌட்டரே சொல்லும், நீங்களே பாருங்க."

சம்பத் பார்த்தார். ஒன்றும் போயிருக்கவில்லை. முகம் தொங்கிவிட்டது. உதவி செய்தவனைத் திருடன் என்று நினைத்துவிட்டோமே என்று கூசியது.

"தப்பா நினைச்சுக்காதே கோபி."

"ஐயே, இதுல இன்னா சார் இருக்கு? சந்தேகம் வந்துடுச்சுல்ல, எல்லா பாஸ்வேர்டையும் மாத்திடுவோம். மெதுவா பண்ணலாம். அவசரப்பட்டா எங்கனா ஓட்டை விட்ருவோம்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "அம்பிகா, சாருக்குக் காபி!"

"வாசல் பெருக்கிட்டிருக்கேன், தோ வர்றேன்" என்று தெருப்பக்கமிருந்து பதில் வந்தது.

கோபி நிறுத்தி நிதானமாக ஒவ்வொன்றாக மாற்றினான். புரியாத இடத்தில் இரண்டு முறை விளக்கினான். இனி ஒரு கொசுகூட உள்ளே நுழைய முடியாது என்று தெரிந்ததும் சம்பத் நிம்மதியாகச் சாய்ந்து, வெறுங்காலைத் தரையில் நீட்டிக்கொண்டார்.

வாசலில் அம்பிகா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, புது லோஃபரை மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று செல்போனில் படம் எடுத்து முடித்து, அடித்தையலுக்காக இடது கால் ஷூவைக் கவிழ்த்து வைத்தாள்.