கத்தினால் நிற்கும் இன்ஜின்

எங்கள் பழைய பிக்கப்புக்கு, உடைக்கப் போட்டிருந்த ஒரு பள்ளி வேனின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நானே எடுத்து மாட்டினேன். நான்கு நாள் வேலை. தெருவே கேட்கும்படி பெருமையடித்துக்கொண்டேன்.

மறுநாள் தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். இடப்பக்கம் வண்டி வருகிறதா என்று மனைவி மரகதத்திடம் கேட்டேன். பதில் இல்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். இன்ஜின் நின்றது. கிளப்பி, அதையும் திட்டினேன். மறுபடி நின்றது. இறங்கி, நான் மாட்டிய ஒயர்களையெல்லாம் பெரிய மேதைபோல ஆராய்ந்தேன்.

"ஸ்கூல் வேன் இன்ஜினுங்க. டிரைவர் கத்துனா நின்னுக்கும். ஊருக்கே தெரியும்," என்றாள் மரகதம்.

ஊருக்குத் தெரிந்தது மெக்கானிக்கான எனக்குத் தெரியவில்லை. தக்காளி வெயிலில் கிடக்க, வேறு வழியின்றி வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள்.

"ரெண்டு வருஷமா வலது காது கேக்கறதில்லீங்க. சொல்ல வர்றப்பெல்லாம் நீங்க கத்தீட்டிருந்தீங்க."

அவளுடைய வலது காது என் பக்கம்தான் இருந்தது. சத்தத்தை வைத்தே இன்ஜின் கோளாறைக் கண்டுபிடிப்பவன் என்று எனக்குப் பெயர் வேறு.

வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கிச் சுற்றிப்போய் அவள் ஜன்னலருகே நின்று, மெதுவாகக் கேட்டேன்.

"டாக்டர்கிட்டப் போலாமா, மரகதம்?"

"இப்பக் கேக்குதுங்க," என்றாள். "தக்காளிய எறக்கீட்டுப் போலாம்."