ஒரே வீடு, ரெண்டு முடிவு

"கட்டின புருஷனைக் கீழே விட்டுட்டு, மாடியில போய்க் கதவைச் சாத்திக்கிட்டவ ஒரு பொண்டாட்டியாடா? கிளம்பு, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

தம்பியின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அக்கா பொரிந்து தள்ளினாள்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சிறுநீரகம் மாற்றிய உடம்பு என்பதால், தொற்று பரவ ஆரம்பித்ததுமே கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருந்தார். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை.

"அப்படி என்னதான்டா சண்டை?"

"அதுதான்கா இன்னும் புரியல. அன்னிக்கு வேலையிலேர்ந்து வந்தா. வாசல்லயே நின்னு, டிவி சத்தம் காதைப் பிளக்குதுன்னு கத்தினா. டிவி ஓடவே இல்லக்கா!"

"அப்புறம்?"

"'உங்க மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது, கதவைத் தட்டாதீங்க'ன்னு சொல்லிட்டு மேல போயிட்டா. சாப்பாடுகூட அவ தோழிதான் வெளிப் படிக்கட்டுல வச்சுட்டுப் போவா. மூணு வாரம் கழிச்சு இறங்கி வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி 'காபி வேணுமா'ங்கிறா. எனக்கும் ரோஷம் இருக்காதா? அன்னிலேர்ந்து பேச்சு கிடையாது."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அழைப்பு மணி அடித்தது. சுகாதாரத் துறைப் பெண். தொற்று யார் யாருக்குத் தெரியாமலே வந்து போயிருக்கிறது என்று பார்க்க, போன மாதம் தெரு முழுக்க ரத்தம் எடுத்துப் போனவள்.

"சார், உங்க ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் இல்ல. உங்களுக்கு வரவே இல்ல. ஆனா மேடத்துக்கு வந்து போயிருக்கு."

"இவளுக்கா? எப்போ?"

"அதைத்தான் கேட்க வந்தேன். ஒரே வீடு, ஒரே சமையல்கட்டு. உங்க உடம்புக்கு லேசுல ஒட்டிக்கிட்டிருக்கணும். சாம்பிள் மாறிப்போச்சோன்னு மறுபடியும் பார்த்தோம். சரியாத்தான் இருக்கு. எங்களுக்கே குழப்பம்."

"பார்த்தியா! நோயை வீட்டுக்குள்ள இழுத்துக்கிட்டு வந்திருக்கா!" அக்கா குரலை உயர்த்தினாள்.

மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"காய்ச்சல் வந்துச்சா மேடம்?"

"வந்துச்சு. வாசனையும் தெரியல. அதுதானான்னு அப்போ எனக்கு நிச்சயமாத் தெரியாது."

"அப்போ சார் எங்கே இருந்தார்?"

"கீழே."

"நீங்க?"

"மாடியில. மூணு வாரம்."

அந்தப் பெண் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அக்காவின் கையில் ஒரு சட்டை அப்படியே நின்றது.

அவர் மனைவியைப் பார்த்தார்.

"எங்கிட்ட... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? காய்ச்சல்னா நெத்தியைத் தொட்டுப் பார்க்க மேல ஓடி வந்திருப்பீங்க. கோபம்னாத்தான் ஒரு படிகூட ஏற மாட்டீங்க!"