முப்பத்திரண்டு ஈக்களும் ஒரு கடிதமும்

கடிதத்தை அவள்தான் எழுதினாள்.

பிலோமி அக்காவுக்கு எழுத வராது. ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைப்பவர். எதிரே நின்று, ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்திரண்டு கண்ணாடிக் குழாய்கள். குழாய்க்கு ஒரு பழ ஈ. ஐந்து நாள் முழு இருட்டு. வெளிச்சமே இல்லாவிட்டாலும் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை நம்பி ஈ நேரத்துக்கு எழுந்திருக்கிறதா என்பதுதான் சோதனை. உள்ளே போனால் சிவப்பு விளக்கு மட்டும். அது ஈயின் கடிகாரத்தைத் தொடாது.

யாரோ வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டார்கள். அவளுடைய நான்கு மாத ஆராய்ச்சி பாழ்.

பேராசிரியர் அதிகம் யோசிக்கவில்லை. "கூட்டுறவங்கதான். தப்ப ஒத்துக்கிட்டதா எழுதி வாங்கிடும்மா. திங்கக்கிழமையிலேர்ந்து வேற ஆள்."

அவள் தலையாட்டினாள்.

அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அன்று சிவப்பு வெளிச்சத்தில் காலில் ஏதோ ஏறியது. பல்லி. பூச்சியை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிறவள் அலறியடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். அது போய்த் தொலையும்வரை, பத்து நிமிடம், அணைக்கவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இருட்டில் வைக்கும் முன்பே ஈக்களின் இரவைப் பகலுக்கு மாற்றிப் பழக்கியிருந்தாள். அவற்றுக்குக் காலை ஒன்பதுக்கு அந்தி. பல்லி வந்தது பகல் பன்னிரண்டுக்கு, அவற்றின் முன்னிரவில். அக்கா கூட்ட வருவது மாலை ஆறுக்கு, அவற்றின் பின்னிரவில்.

முன்னிரவில் வெளிச்சம் பட்ட ஈ, மறுநாள் தாமதமாக எழும். பின்னிரவில் பட்டது, முன்கூட்டியே எழும்.

ஈக்கள் எழுந்த நேரம் பதிவான கணினித் திரையில் முப்பத்திரண்டும் தாமதம்.

பேராசிரியர் இன்னும் அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று இரண்டு நாளாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார். "நாந்தான் போட்டிருப்பேன் பாப்பா. கைப்பழக்கம். ஞாபகமே இல்ல. உங்க படிப்பக் கெடுத்துட்டேனே, மன்னிச்சுக்கங்க."

அவளால் நிமிர முடியவில்லை. எழுதினாள்.

நான்தான் கதவைத் திறந்து உள்ளே போனேன். நான்தான் விளக்கைப் போட்டேன். யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன்.

ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். ஒரு வரியும் பொய்யில்லை.

"எங்க ரேகை வைக்கணும்?" அக்கா கட்டைவிரலை நீட்டினார்.

அவள் மைப்பெட்டியை மூடினாள்.

பேனாவை மூடவில்லை; கையெழுத்து பாக்கி இருந்தது.