முப்பத்திரண்டு டோக்கன்கள்

காலை பத்தரைக்கு ராஜப்பா சுவரிலிருந்து தன் டோக்கனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினொன்றுக்குத் திறப்பு விழா.

பங்காருபேட்டை சாலையில் புது ஹோட்டல். அவர்களுக்குத் தட்டும் கோப்பையும் ஆறு மாதமாக நான்தான் சுட்டுக் கொடுக்கிறேன். சுவரில் மாட்ட ஒரு வேலை கேட்டது இதுதான் முதல் தடவை. கோப்பையின் அடியில் கீறுகிற என் பெயர் இன்றைக்கு ஆள் உயரத்தில் தொங்குகிறது. ‘ஷைலா’ என்று தனியாக ஒரு வில்லை செய்து பலகைக்குக் கீழே மாட்டியிருந்தேன்.

பலகை, தங்கச் சுரங்கத்தின் டோக்கன் பலகை மாதிரியே செய்தது. டோக்கன்கள் களிமண். மேலே பித்தளை நிறத்தில் கிளேஸ் பூச்சு, நடுவில் எண்.

எண் எதுவானாலும் போடுங்கள் என்றார் ஹோட்டலின் ஆர்க்கிடெக்ட் விநாயக். நான் நிஜ எண்களைத் தேடிப் போனேன். ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்களில் முப்பத்தொரு பேர் இன்னும் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ராஜப்பா அவர்களில் ஒருவர். சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணைச் சொல்கிறார்கள்.

முப்பத்திரண்டாவது எண் 1146. அதை யாரிடமும் கேட்கவில்லை.

அது சூளையில் இரண்டு தடவை விரிசல் விட்டது. அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. விளிம்பு மெல்லிசாகிவிட்டது, அவ்வளவுதான்.

திருப்பி மாட்டச் சொல்லி ராஜப்பாவிடம் கெஞ்சினேன்.

“இன்னா கண்ணு, எல்லாரையும் கீழயே வச்சிட்ட? மேல வந்தவன் டோக்கன் போர்டுல தொங்கக் கூடாது. ஊட்ல பயந்துடுவாங்க.”

இறங்கும்போது மாட்ட வேண்டும், ஏறியதும் எடுக்க வேண்டும். ஒன்று மிச்சமிருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே. இது எனக்குத் தெரியாததா? நிறைந்த பலகை பார்க்க அழகாக இருந்தது. மயங்கிவிட்டேன்.

அதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. விழாவுக்கு நான் கூப்பிட்ட மற்ற டோக்கன்காரர்கள்தான். துரை கண்ணாடி கொண்டுவரவில்லை. கட்டைவிரலால் தடவியே தன் எண்ணைக் கண்டுபிடித்தார். யாரும் அவசரப்படவில்லை, யாரும் அடுத்தவர் டோக்கனைத் தொடவும் இல்லை.

விநாயக் வந்தபோது முப்பத்தொரு ஆணிகள் காலி. கத்தத்தான் வாயைத் திறந்தார். ஒற்றையாகத் தொங்கிய 1146-ஐப் பார்த்ததும் மூடிக்கொண்டார். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்து, இப்படியே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம் என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

பஸ் கிடைக்காமல் அம்மா கடைசியாக வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். வரிசையில் வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ராஜப்பா தொப்பியைக் கழற்றினார்.

அம்மா கையை நீட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுத்திருக்கலாம். தடுக்கச் சொல்லி விநாயக் எனக்குக் கண்ஜாடைகூடக் காட்டினார்.

அவள் டோக்கனைக் கழற்றினாள். முந்தானையில் துடைத்து, அதிலேயே முடிந்துகொண்டாள்.

“போதும்டி. எவ்ளோ நாளைக்குத்தான் உங்கப்பா கீழயே கீறது?”

முப்பத்திரண்டு ஆணிகளும் காலி. கீழே என் பெயர் மட்டும் தொங்கியது.

அதையும் கழற்றிக்கொண்டேன்.